கோலக்காவும் இருநூற்று இருபத்தாறரை டிகிரியும்

அந்த நில அளவைக் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவள் கோலக்காதான். கோல் பிடிக்கிற அக்கா, அதனால் கோலக்கா. முதலாளி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். முதலில் அவள் கோபித்துப் பார்த்தாள், பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டாள்.

கோல் என்றால் ஆளைவிட உயரமான ஒரு கம்பி. உச்சியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பு உயரத்தில் ஒரு நீர்க்குமிழி. குமிழி வட்டத்துக்கு நடுவில் நின்றால் கோல் நேராக நிற்கிறது என்று அர்த்தம். தூரத்தில் முக்காலி மேல் கருவியை ஏற்றிவைத்துக்கொண்டு இன்ஜினியர் அந்தக் கண்ணாடியைக் குறிபார்த்துப் பொத்தானைத் தட்டுவார். கருவி அந்த இடத்துக்கு இரண்டு எண்களைச் சொல்லும்: தொடக்கக் கல்லிலிருந்து வடக்கே எத்தனை மீட்டர், கிழக்கே எத்தனை மீட்டர். தெற்கே போனால் வடக்கு எண் குறையும், மேற்கே போனால் கிழக்கு எண் குறையும். அவ்வளவுதான் சங்கதி. வெயிலில் காய்ந்தும் மழையில் நனைந்தும் பத்தொன்பது வருஷம் கோலக்கா சேகரித்துக் கொடுத்ததெல்லாம் இப்படி ஜோடி ஜோடியான எண்கள். சாயங்காலம் அவற்றைப் புத்தகத்தில் முத்து முத்தாக எழுதிவைப்பதும் அவள் வேலைதான்.

எழுதுகிற கை சும்மா இருந்தாலும் மனசு சும்மா இருக்க வேண்டுமே. இந்த எண்களை வாங்கிக்கொண்டு போய் இன்ஜினியர்கள் ஏதோ செய்து, மறுநாள் வந்து, "இங்கேயிருந்து நூத்திப் பதினேழு டிகிரி திரும்பினா அந்தக் கல்லு" என்கிறார்கள். திரும்பினால் கல் அங்கே இருக்கிறது. எப்படி? பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் அவளுக்குக் கரும்பு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்போடு அப்பா போதும் என்று சொல்லிவிட்டார், கரும்பும் அதோடு நின்றுவிட்டது.

நான்கு இன்ஜினியர்களிடம் கேட்டாள். முதல் ஆள் சிரித்தார். இரண்டாம் ஆள், "அது கம்ப்யூட்டர் பார்த்துக்கும்" என்றார். மூன்றாம் ஆள், "உங்களுக்கு எதுக்குக்கா அது" என்றார்; அந்த ஆளை மட்டும் அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான்காவது, இப்போது இருக்கிறவர், அவளைவிடப் பதினாறு வயது சின்னவர், கேள்வி கேட்டதும் குனிந்து மணலில் ஒரு முக்கோணம் கீறினார். "வடக்கே இவ்வளவு போகணும், கிழக்கே இவ்வளவு போகணும். ரெண்டையும் சேர்த்தா ஒரு சாய்வுக் கோடு. வடக்கிலேருந்து அந்தக் கோடு எவ்வளவு திரும்பியிருக்கோ அதான் கோணம். கிழக்கை வடக்கால வகுத்து..." அதற்குள் அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே போனவர் போனவர்தான். மீதியைச் சொல்ல மறந்தே போனார்.

அந்த அரைகுறைப் பாடத்தை மடியில் கட்டிக்கொண்டு கோலக்கா நேராக நாத்தனார் கடைக்குப் போனாள்.

அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் இவர்கள் இருவரையும் பார்த்ததில்லை. நகமும் சதையும் என்பது இவர்களுக்கே சொன்னது போலிருக்கும். நாத்தனார் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். ஒரு நகல் இயந்திரம், ஒரு கம்ப்யூட்டர், வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை ஈ ஓட்டுகிற நேரம். என்றைக்கோ ஆறு மாசம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் நிரல் எழுதப் படித்திருந்தாள். படித்ததை விண்ணப்பப் படிவம் நிரப்புவதைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்த வழியில்லாமல் துருப்பிடித்துப் போயிருந்தது.

"எனக்குக் கோணம் தெரியும், எழுதத் தெரியாது. உனக்கு எழுதத் தெரியும், கோணம் தெரியாது" என்றாள் கோலக்கா.

"குருடனும் நொண்டியும் சேர்ந்து ஊருக்குப் போன கதைதான், உட்காருங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

முதல் நாள் நாலே வரி எழுதினார்கள். வடக்கே நாற்பது, கிழக்கே முப்பது என்று போட்டார்கள். காகிதத்தில் கோடு போட்டுப் பாகைமானி வைத்து அளந்ததில் முப்பத்தேழு டிகிரிக்குக் கொஞ்சம் உள்ளே வந்திருந்தது. கம்ப்யூட்டரோ பூஜ்யம் புள்ளி ஆறு நாலு என்றது.

"கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லாது அண்ணி. உங்க பாகைமானி தேஞ்சுபோச்சு."

"பாகைமானி எப்படிடி தேயும், அது என்ன செருப்பா?"

இரண்டு மத்தியானம் போனபிறகுதான் தெரிந்தது, கம்ப்யூட்டர் டிகிரியில் பேசுவதில்லை. ரேடியன் என்று அதற்கொரு தனி அளவு உண்டு, ஒரு ரேடியன் ஐம்பத்தேழு டிகிரிக்குச் சற்று மேலே. பெருக்கினார்கள். திரையில் முப்பத்தாறு புள்ளி எட்டு ஏழு வந்து நின்றது. கோலக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக அவள் தோளில் தூக்கிச் சுமந்த எண்களுக்குள் இது இருந்திருக்கிறது, யாரும் பிரித்துக் காட்டவில்லை.

சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. பிறகு தென்மேற்கே இருக்கிற ஒரு இடத்தைக் கொடுத்துப் பார்த்தபோது நிரல் நல்லபிள்ளையாக வடகிழக்கைக் கைகாட்டியது. முதுகுக்குப் பின்னால் இருப்பதை முன்னால் இருக்கிறது என்கிறது. இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கடைசியில் கோலக்காதான் கண்டுபிடித்தாள்: தெற்கே போனால் மைனஸ், மேற்கே போனாலும் மைனஸ், ஒன்றை ஒன்றால் வகுத்தால் இரண்டு மைனஸும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன, எந்தப் பக்கம் என்கிற துப்பே அழிந்துபோகிறது. நேர் கிழக்கைக் கொடுத்தாலோ இன்னும் மோசம். வகுக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்து நிரல் குப்புற விழுந்தது. நாத்தனார் பழைய பாடப்புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, வகுக்காமலே இரண்டு எண்களையும் தனித்தனியாக வாங்கிக்கொள்கிற இன்னொரு கட்டளை இருப்பதைக் கண்டாள். அதைப் போட்டார்கள். விடை மைனஸில் வந்தால் முந்நூற்று அறுபதைக் கூட்டு என்று ஒரு வரி. ஒரு டிகிரியை அறுபது நிமிஷமாகவும், ஒரு நிமிஷத்தை அறுபது வினாடியாகவும் உடைத்துக் காட்ட இரண்டு வரி. மொத்தம் பன்னிரண்டு வரி, எட்டுத் திசையும் உள்ளே அடங்கிவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவருக்கும் பைத்தியம் பிடிக்காத குறைதான். கண்ணில் பட்டதற்கெல்லாம் கோணம் போட்டார்கள். கோலக்காவின் கணவர் டயர்க்கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் கடையிலிருந்து டயர்க்கடை நூற்றுப் பன்னிரண்டு டிகிரி என்று வீட்டில் பெருமையாகச் சொன்னாள்.

"இருபது வருஷமா கடையிலேருந்து வீட்டுக்கு வந்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அவர். "ஒரு நாளாவது டிகிரி கேட்டிருக்கேனா?"

அதன்பிறகு கோலக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொண்டுவருகிற ஒவ்வொரு கோணத்தையும் இவளும் தனியாகப் போட்டுப் பார்ப்பாள். யாரிடமும் சொல்வதில்லை. சரியாக வந்தால் குட்டி நோட்டில் ஒரு டிக். இரண்டு வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் டிக். ஒன்றுகூடத் தவறியதில்லை. சிலர் குறுக்கெழுத்துப் போடுகிறார்கள் அல்லவா, அதுபோல.

இப்படி இருக்கும்போதுதான் ரயில்பாதை வேலை வந்தது.

ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் அறுநூறு வீடு, குழாயில் தண்ணீர் கிடையாது, லாரியில்தான். இந்தப் பக்கத்திலிருந்து ரயிலுக்கு அடியில் ஒரு பெரிய இரும்புக் குழாயை விட்டுத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். மேலே ரயில் ஓடிக்கொண்டிருப்பதால் பள்ளம் வெட்ட முடியாது. இந்தப் பக்கம் ஒரு ஆழமான குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. இந்தக் குழியிலிருந்து ஜாக்கி வைத்து மண்ணுக்குள் குழாயைத் தள்ளிக்கொண்டே போனால் நாற்பது மீட்டர் தாண்டி அந்தக் குழியின் சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். வர வேண்டும். வராவிட்டால் தீர்ந்தது கதை. தள்ளிய குழாயைத் திரும்ப இழுக்க முடியாது, அது மண்ணுக்குள்ளேயே சமாதி, ரயில்வே இன்னொரு முறை தொடவும் விடாது.

இரண்டு குழிக்கும் நடுவே ரயில் மேடு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. ஒரு குழியிலிருந்து மற்றது தெரியாது. மேட்டின் மேல் கருவி வைக்கவும் அனுமதி இல்லை. ஆகவே தூரத்தில் இருந்த சுரங்கப்பாதை வழியாக எட்டு இடத்தில் கோல் ஊன்றிச் சுற்றிப்போய் அந்தக் குழியின் எண்களைப் பிடித்தார்கள். எட்டிலும் கோல் பிடித்தது கோலக்கா.

வேலை தொடங்குகிற நாள். பத்து மணிக்கு முதல் குழாய் இறங்க வேண்டும். ஏழரைக்கே வந்துவிட்ட கோலக்கா குழிக்குள் எட்டிப்பார்த்தாள். குழாய் வழுக்கிப் போவதற்கான இரண்டு தண்டவாளத் துண்டுகளை அடியில் பதித்துப் போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். குழிச் சுவரில், பிளாஸ்டிக் உறைக்குள், இன்ஜினியர் கையெழுத்துப் போட்ட தாள்: இருநூற்று இருபத்துமூன்று டிகிரி, இருபத்தெட்டு நிமிஷம், நாற்பத்தைந்து வினாடி.

வழக்கம்போல டிக் போடுவதற்கு நோட்டை எடுத்தாள். முந்தின நாள் மத்தியானம் அவள் போட்டுவைத்திருந்தது: இருநூற்று இருபத்தாறு டிகிரி, முப்பத்தொரு நிமிஷம், பதினைந்து வினாடி.

மூன்று டிகிரி வித்தியாசம்.

அவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம், நான்தான் தப்பு. கையெழுத்துப் போட்டவர் படித்தவர். நான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பன்னிரண்டு வரி எழுதினவள். ஆனால் மூன்று டிகிரி என்பது நாற்பது மீட்டர் தூரத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் விலகும். அந்தக் குழியின் அகலமே மூன்று மீட்டர். குறி அதன் நடுவில் இருக்கிறது, இருபக்கமும் ஒன்றரை மீட்டர்தான் இடம். இந்தத் தாளில் இருப்பது தப்பென்றால் குழாய் குழியைப் பார்க்காமலே பக்கத்தில் போய்விடும்.

போனை எடுத்தாள். "கடையைத் திற. இப்பவே."

"இன்னும் தலைகூடத் துவட்டல அண்ணி."

"துவட்டிக்கிட்டே வா."

எட்டு மணிக்கு நாத்தனார் தோளில் துண்டோடு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். கோலக்கா எண்களைப் படித்தாள். வடக்கு எண் இருபத்தேழரை மீட்டர் குறைகிறது, கிழக்கு எண் இருபத்தொன்பது மீட்டர் குறைகிறது. இருநூற்று இருபத்தாறு, முப்பத்தொன்று, பதினைந்து. மறுபடியும் போட்டார்கள். அதே. நேர் வடக்கு, நேர் கிழக்கு, நேர் தெற்கு என்று தெரிந்த திசைகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். நிரல் அப்பழுக்கில்லாமல் பூஜ்யம், தொண்ணூறு, நூற்றெண்பது என்றது.

"அப்ப அவர்தான் தப்பு" என்றாள் நாத்தனார்.

"எப்படித் தப்புன்னு தெரியாம அவர்கிட்ட போய் என்னன்னு சொல்றது? உங்க எண் எனக்குப் பிடிக்கலன்னா?"

இரண்டு எண்களையும் காகிதத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதினைந்து வினாடி, நாற்பத்தைந்து வினாடி. கூட்டினால் சரியாக அறுபது. கை தானாகக் கூட்டிக்கொண்டு போனது. முப்பத்தொன்றும் இருபத்தெட்டும் மிச்சம் ஒன்றும், அறுபது. இருநூற்று இருபத்தாறும் இருநூற்று இருபத்துமூன்றும் மிச்சம் ஒன்றும். நானூற்று ஐம்பது டிகிரி. பூஜ்யம் நிமிஷம், பூஜ்யம் வினாடி.

ஒரு எண் கண்டபடி தப்பாயிருந்தால் கூட்டுத்தொகை இப்படி முழுசாக வராது. இருநூற்று இருபத்தைந்து என்பது தெற்குக்கும் மேற்குக்கும் நட்டநடு. அதற்கு ஒரு பக்கம் ஒன்றரை டிகிரி தள்ளி இவள் எண் நிற்கிறது, மறுபக்கம் அதே ஒன்றரை டிகிரி தள்ளி அவர் எண் நிற்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற ஆளும் உள்ளே தெரிகிற ஆளும் போல.

"மாத்திப் போடு" என்றாள். "வடக்கு இருக்கிற இடத்துல கிழக்கு, கிழக்கு இருக்கிற இடத்துல வடக்கு."

நாத்தனார் மாற்றித் தட்டினாள். இருநூற்று இருபத்துமூன்று, இருபத்தெட்டு, நாற்பத்தைந்து. வினாடி பிசகவில்லை.

நாத்தனார் துண்டைத் தூக்கி நகல் இயந்திரத்தின் மேல் வீசினாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், கடைக்கு வெளியே பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு எண்களும் இடம் மாறிவிட்டன. வேறு ஒன்றுமே இல்லை. வேறு எந்தத் திசையிலாவது கோடு போயிருந்தால் கோணம் கன்னாபின்னாவென்று வந்து பார்க்கிறவர் எவரும் சிரித்திருப்பார்கள். இந்தக் கோடு கிட்டத்தட்ட நட்டநடுவில் போனதால் தப்பு சரியின் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்து யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கிறது.

"சரி அண்ணி," என்றாள் நாத்தனார், மூச்சு வாங்கியபடி. "மாத்தினது அவரா, நாமளா?"

அதுதான் கேள்வி. அதற்குப் பதில் கம்ப்யூட்டரில் இல்லை.

கோலக்கா திரும்பியபோது மணி எட்டே முக்கால். இன்ஜினியரைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினாள். அவர் நோட்டைப் பார்த்தார், முந்நூறு டிக்கையும் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எத்தனை நாளா அக்கா இது?" என்றார். "அதை அப்புறம் பேசலாம் சார்" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு இன்ஜினியரிடம் அவள் அப்புறம் பேசலாம் என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"புத்தகத்துல முதல் எண் வடக்கா கிழக்கான்னு சந்தேகமே வேண்டாம் சார். நீங்க கருவிகிட்ட நில்லுங்க. நான் சூரியனைப் பார்த்து நடக்கிறேன். எந்த எண் ஏறுதோ அது கிழக்கு."

கருவிக்கு முன்னால் கோலை ஊன்றினாள். அவர் எண்களைக் குறித்துக்கொண்டார். காலைச் சூரியன் கண்ணில் அடிக்க, கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பதினைந்து எட்டு நடந்தாள். ஊன்றினாள், குமிழியை நடுவில் கொண்டுவந்தாள். வாக்கி டாக்கியில் இன்ஜினியர் குரல் வந்தது.

"ரெண்டாவது எண் பத்து மீட்டர் ஏறியிருக்கு அக்கா. முதல் எண் கொஞ்சம்தான் அசைஞ்சிருக்கு."

இரண்டாவது எண்தான் கிழக்கு. அப்படியென்றால் அவள் கணக்கு சரி. திரும்பி வந்தபோது இன்ஜினியர் முக்காலி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாகக் கருவியே கோணம் போட்டுக் கொடுத்துவிடும். இந்த வேலைக்குத் தாளில் அச்சடித்துக் கையெழுத்தோடு வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டதால் வரைபடப் பிரிவு கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் கணக்குத் தாளை வாங்கி, புத்தகத்து எண்களை அதே வரிசையில் நிரப்பியிருக்கிறார். வரைபட ஆட்களுக்கு முதல் எண் கிழக்கு, அளவை ஆட்களுக்கு முதல் எண் வடக்கு. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தெரிந்தே எல்லாரும் ஒரு தடவையாவது விழுகிற பள்ளம். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று கோலக்கா நினைத்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மனுஷன் முகம் வெளுத்திருந்தது.

ஜாக்கி மேஸ்திரி அப்படி விட்டுவிடுகிற ஆளில்லை. குழாய் தள்ளுவதில் இருபத்தேழு வேலை பார்த்தவர், கழுத்து அடிமரம் போல. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்தார். "போல்ட் போட்டு முறுக்கியாச்சு. பேப்பர்ல உங்க கையெழுத்து இருக்கு. இப்ப கோல் பிடிக்கிறவங்க பேச்சைக் கேட்டு ரயிலுக்கு அடியில இரும்பை விடச் சொல்றீங்களா?"

"என் பேச்சைக் கேட்டு விடுங்க மேஸ்திரி. நான் அவங்க பேச்சைக் கேட்டாச்சு" என்றார் இன்ஜினியர்.

மேஸ்திரி கோலக்காவைப் பார்த்தார். "வரலேன்னா?"

"வரும்" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது. கோல் பிடித்ததும் அவள், கோணம் போட்டதும் அவள். தப்பிப்போனால் பழிபோட இன்னொரு ஆளே இல்லை.

போல்ட்டைக் கழற்றித் தண்டவாளத் துண்டுகளின் முனையை ஒன்றரைச் சாண் நகர்த்தி மறுபடி முறுக்கினார்கள். மூன்று டிகிரி என்பது அவ்வளவுதான். பதினொன்றரைக்கு முதல் குழாய் மண்ணுக்குள் மூக்கை நுழைத்தது.

மொத்தம் பதினாறு குழாய், ஒன்றின் வாலில் ஒன்றைப் பற்றவைத்துத் தள்ள வேண்டும். பகலில் மட்டும் வேலை. முதல் நாள் நான்கு. இரண்டாம் நாள் ஆறு. அந்த இரண்டு நாளும் கோலக்கா வேறொரு தெருவில் சாக்கடை அளவுக்குக் கோல் பிடித்தாள், ஆனால் மனசு மண்ணுக்குள் குழாயோடு போய்க்கொண்டிருந்தது. சோறு இறங்கவில்லை. எட்டு இடத்தையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்த மூன்றாவது இடத்தில் தரை இளகலாக இருந்ததே, கோல் அமுங்கியிருக்குமோ? கணவர் முதல் நாள் கிண்டல் செய்தார், இரண்டாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தானே டீ போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளியே அவளை அந்தப் பக்கக் குழிக்குப் போகச் சொல்லிவிட்டார். இந்த நிலையில் கோல் பிடித்தால் குமிழி ஒரு இடத்தில் நிற்காது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. பதினைந்து குழாய் உள்ளே போயிருந்தது. கோலக்கா குழிக்குள் ஏணியில் இறங்கி நின்றாள். எதிரே வெறும் மண்சுவர், நடுவில் சுண்ணாம்பில் ஒரு பெருக்கல் குறி. மேலே விளிம்பில் இன்ஜினியரும், "உடனே வருவேன்" என்று பலகை மாட்டிவிட்டு ஓடிவந்த நாத்தனாரும், கையில் கிரீஸோடு கணவரும், தண்ணீருக்குக் காத்திருக்கிற வீட்டுக்காரர்கள் இருபது முப்பது பேரும். மேஸ்திரி மேட்டுக்கு அந்தப் பக்கம், ஜாக்கி பக்கத்தில். வாக்கி டாக்கி கோலக்கா கையில்.

"பதினாறாவது போகுது" என்றது மேஸ்திரி குரல்.

மண்ணுக்குள் ஏதோ முனகுகிற சத்தம். சுவரில் காதை வைத்தாள். வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. திடீரென்று குறிக்கு இடதுபக்கம், மூன்றடி தள்ளி, மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கூட்டம் ஓ என்றது. மூன்றடி. அவ்வளவு தூரம் விலகியிருந்தால் குழாய் குழியின் மூலையை உரசிக்கொண்டுதான் வரும். உதிர்ந்த இடத்திலிருந்து தலையளவு கல் ஒன்று பெயர்ந்து காலடியில் விழுந்தது. பின்னால் வெறும் மண். குழாய் இல்லை. நெருக்கிய மண் ஒரு பழைய கல்லைத் துப்பியிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கல்லை எடுத்து எவன் தலையிலாவது போடலாம்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு சுண்ணாம்புக் குறி தானாக வெளியே வந்தது. சுவர் உப்பியது, வட்டமாக வெடித்தது, குறியைச் சுமந்த மண் அப்படியே ஒரு கட்டியாகச் சரிந்து விழ, அதன் பின்னால் ஈரம் சொட்டிக்கொண்டு இரும்பு விளிம்பு, முழு வட்டம். நாத்தனார் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத சத்தம் மேலே கேட்டது. கோலக்கா அசையவில்லை. கண்ணீர் பாட்டுக்கு ஓடியது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் வாழ்க்கையில் இவ்வளவு அழகான ஒரு பொருளைப் பார்த்ததில்லை.

"வந்துச்சா?" என்றது வாக்கி டாக்கி.

அவள் குழாயின் விளிம்பில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"அக்கா, வந்துச்சா இல்லையா, சொல்லித் தொலைங்க. இங்க ஒருத்தன் உயிரு போகுது."

"வந்துருச்சு மேஸ்திரி" என்றாள். "நான் சொன்ன இடத்துல வந்துருச்சு."

மேஸ்திரி அதோடு விடவில்லை. "எவ்வளவு தள்ளி?"

சுவரின் நடுவுக்கு மேலே அடித்திருந்த ஆணியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, குழாயின் நடுவைக் கண்டு, விரலை வைத்து அளந்தாள். "நாலு விரல்."

"நாலு சாணா?"

"நாலு விரல் மேஸ்திரி."

ரயில் ஒன்று மேலே கடந்து போனது, குழாய் அதிரக்கூட இல்லை.

"அடுத்த மாசம் ஆத்துக்கு அடியில ஒண்ணு இருக்கு, அறுபது மீட்டர்" என்றார் மேஸ்திரி. "கோணத்தை நீங்க குடுங்கக்கா. வேற யார் குடுத்தாலும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் ஜாக்கியைத் தொடுவேன்."

கோலக்கா கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கரையிலும் கோல் ஊன்ற எப்போது வரலாம் என்று கேட்டாள்.